மூணு நூல் போல்ட்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பெரியப்பா, டிராயிங் சார், இரும்புக்கடை பாய், நான். நான்கே பேர்தான்.

அப்பா இல்லை. வெள்ளகோவிலில் ஒரு எழவுக்கு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். இன்னொரு தரம் எழுதிவிடுகிறேன், அப்பா அங்கே இல்லை. வெல்டிங் கடைக்காரரும் டீக்கடைக்காரரும் இருந்ததாகப் பின்னால் சாட்சி சொன்னார்கள். அவர்களும் இல்லை. எனக்குத் தெரியும், நான் எண்ணினேன். அந்த வயதில் எனக்கு எதையும் எண்ணுகிற பழக்கம் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் லைட் கம்பங்களை எண்ணுவேன், சாப்பிட உட்கார்ந்தால் எத்தனை தலை என்று எண்ணுவேன். ஒன்று குறைந்தால் திரும்ப முதலிலிருந்து எண்ணுவேன்.

பீளமேட்டில் மில்லுக்குப் பின்னால் அந்த வீதியில் என்னோடு வளர்ந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இப்போது என்னைப் பார்த்தால் மரியாதையாக நின்று பேசுகிறீர்கள். அப்போது என்னைப் பார்த்ததும் நெற்றிப் பொட்டில் விரலை வைத்துத் திருகிக் காட்டியவர்களும் நீங்கள்தான். ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துப் பிழை இருக்கும். கணக்குப் பிழை இருக்காது.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சரிபாதிப் பங்கு அந்தப் பட்டறையில். ஒரு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு சாணைக்கல். போர்டில் இரண்டு பேர் பெயரும் இருக்கும், பெரியப்பா பெயர் ஒரு சுற்றுப் பெரிதாக. அது ஆடி மாதம். கணவாய்க் காற்று தகரக் கூரையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும். கூரை பறந்து அப்பா தலையில் விழுந்துவிடுமோ என்று, சாப்பாட்டுப் போசியைக் கொடுத்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நிற்பேன். நான் நின்றால் கூரை நிற்கும் என்று ஒரு நினைப்பு. மில் சங்கு ஊதும்வரை நிற்பேன்.

டிராயிங் சார் நம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வால்பாறை எஸ்டேட்டில் வெள்ளைக்கார துரை விட்டுப்போன மோட்டார் சைக்கிள் அவரிடம் இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். கறுப்பு டேங்க், அதில் தங்கக் கோடு. வண்டி வீதிக்குள் நுழைந்தால் பின்னாலேயே ஓடுவீர்கள். நான் ஓடமாட்டேன், சக்கரத்தில் சிக்கிக்கொள்வேன் என்ற பயம்.

அந்த வண்டியின் பின் பிரேக்கை ஒரு அலுமினியத் தட்டு மூடியிருக்கும். பிரேக் பிளேட் என்போம். பிரேக்கை மிதித்தால் சக்கரத்தோடு சேர்ந்து அந்தத் தட்டும் சுற்றப் பார்க்கும். சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புப் பட்டை உண்டு. பட்டையைத் தட்டோடு சேர்ப்பது ஒரே ஒரு போல்ட். சார் வண்டியில் அந்த போல்ட் இறங்குகிற ஓட்டையில் மரை தேய்ந்து வழவழவென்று போயிருந்தது. போல்ட்டைத் திருகினால் சும்மா சுற்றியது.

அப்பா அதைச் சரி செய்த இரண்டு நாளும் சாயந்திரம் நான் பக்கத்தில் இருந்தேன். ஓட்டையைப் பெரிதாக்கினார். கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் விரல் கணு அளவுக்குப் புஷ் என்கிற ஒரு குழலைக் கடைந்து, அதற்கு வெளியே ஒரு மரை, உள்ளே ஒரு மரை போட்டார். அலுமினியத்தில் மரை வெட்டும்போது மண்ணெண்ணெய் விட்டு வெட்டுவார். டேப் என்கிற அந்த வெட்டுக் கருவியை அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால். பின்னால் வரும்போது நொறுக்கென்று பிசிறு உடையும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். புஷ்ஷை இறக்கி, அது கழன்று சுற்றாமல் இருக்க ஓரத்தில் செம்பில் ஒரு முள் அடித்து, முள்ளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி குத்தினார். அவர் வேலைக்கு அதுதான் அடையாளம்.

இனிமேல் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். நம் பட்டறைகளில் போல்ட்டின் கனத்தை நூல் கணக்கில் சொல்வோம். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அந்த போல்ட் மூன்று நூல். ஆனால் மூன்று நூல் போல்ட் எல்லாம் ஒரே போல்ட் அல்ல. கடையில் கிடைப்பதில் இஞ்சுக்குப் பதினாறு மரை. அந்தச் சீமை வண்டியில் இஞ்சுக்கு இருபத்தாறு. அவசரக்காரன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் அப்பா போல்ட்டையும் லேத்திலேயே கடைந்தார். மரை கேஜ் என்று ஒரு கருவி இருக்கிறது, பல பேன் சீப்புகளைக் கத்தி மாதிரி மடக்கி வைத்தது போல. அதில் இருபத்தாறு என்று எழுதிய சீப்பைப் போல்ட் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இடுக்கில் ஒளி வரவில்லை.

“எண்ணிப் பாரு கண்ணு” என்றார்.

நகத்தை ஓட்டி எண்ணினேன். ஒரு இஞ்சுக்கு இருபத்தாறு. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக வேறு எதையும் எண்ணியதில்லை.

“நாளைக்குச் சாயந்திரம் எழவுக்குப் போய்ட்டு வந்து நானே பூட்டிக்கறேனுங்ண்ணா. போல்ட்டு பத்திரம்” என்று பெரியப்பாவிடம் சொன்னார் அப்பா. பெரியப்பா தலையை ஆட்டினார்.

பத்திரம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நிலைகொள்ளாது. மேசையில் கிடந்தால் எலி இழுத்துவிடும், காற்றில் உருண்டு பழைய இரும்போடு சேர்ந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் போல்ட்டை எடுத்து என் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போய்விட்டேன். மஞ்சள் தகரப் பெட்டி. மூடியில் வாய்ப்பாடு அச்சடித்திருக்கும், எட்டாம் வாய்ப்பாடு மட்டும் உரிந்திருக்கும். கொண்டு போனதை யாரிடமும் சொல்லவில்லை. இதை நான் மறைக்கவில்லை, பாருங்கள். என் பங்கை நான் எழுதிவிட்டேன். மற்றவர்கள் பங்கைத்தான் யாரும் எழுதவில்லை.

மறுநாள் காலையிலேயே சார் வந்துவிட்டார். அக்கா மகளுக்குப் பொள்ளாச்சியில் மாப்பிள்ளை பார்க்கப் போகவேண்டும், வண்டி இப்போதே வேண்டும் என்றார். சாயந்திரம் தம்பி வந்து பூட்டுவான் என்று பெரியப்பா சொல்லியிருக்கலாம். தம்பி இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று சார் நினைத்துவிடுவாரே! பெரியப்பா மேசையில் தேடினார், டப்பாக்களைக் கவிழ்த்தார். எதிர்க் கடை பாய் பழைய பாக்கி விஷயமாக ஏதோ பேச வந்து நின்றுகொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

“ஏனுங் மேஸ்திரி, ஒரு போல்ட்டுக்கா இத்தன நேரம்?” என்றார் சார்.

“அட, மூணு நூல் போல்ட்டு தானுங்க சார். நம்ம பாய் கடையில மூட்டையாக் கெடக்குது. பாயி, ஒண்ணு எடுத்துத் தாங்க.”

“மரை எத்தனைங்க மேஸ்திரி?” என்று பாய் கேட்டார். கேட்டார் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

“மூணு நூல்னா மூணு நூலு. இரும்பு விக்கறவரு எனக்குப் பாடம் எடுக்கறீங்களாக்கும்?”

போல்ட் என்னிடம் இருக்கிறது என்று நான் அப்போது சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அடி விழும் என்ற பயத்தில் வாய் வரவில்லை. கால்தான் ஓடியது. வீட்டுக்கு நூற்று நாற்பது அடி, திரும்ப நூற்று நாற்பது. பெட்டியோடு வந்து நின்றபோது பெரியப்பா அந்தக் கடை போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு சுற்று போயிருக்கிறது, அப்புறம் இறுகிவிட்டது. ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி, காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். கன்மெட்டல் கத்தியது. ஆமாம், கத்தியது என்றுதான் சொல்வேன். பொன் நிறத்தில் சுருள் சுருளாகப் பிசிறு தரையில் விழுந்தது. அது அப்பா போட்ட மரை.

“பெரியப்பா, அது பதினாறுங்க. அப்பா போட்டது இருபத்தாறு மரைங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்துச் சிரித்தார். நெற்றிப் பொட்டில் விரலை வைத்து ஒரு திருகு திருகினார்.

“பாத்தீங்களா சார். என்ற தம்பி புள்ளைக்கு மரை கழண்டு போச்சுங்க. இருபத்தாறாமா!”

சார் சிரித்தார். வகுப்பில் என் நோட்டை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, கோடு என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று சொன்ன அதே சார். பாய் சிரிக்கவில்லை. வாசலில் உங்களில் இரண்டு பேர் கோலிக்குண்டு ஆடிக்கொண்டிருந்தீர்கள், உள்ளே வரவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்தத் திருகலை நீங்கள் பார்த்தீர்கள். பொழுது சாய்வதற்குள் வீதி முழுக்க அது வந்துவிட்டது.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டி ஒரு மாட்டு வண்டிக்காகச் சார் பிரேக்கை மிதித்திருக்கிறார். பதினாறு மரை போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. தட்டு சக்கரத்தோடு சுற்றி, பிரேக் கம்பியைச் சுருட்டி, சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. அவர் வலது கை வண்டிக்கு அடியில் போய்விட்டது. இரண்டு தரம் ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த விரல்கள் மடங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாருடைய மச்சான் ஆள்களோடு பட்டறைக்கு வந்தார். ஆஸ்பத்திரிச் செலவை யார் கட்டுவது என்பதுதான் பேச்சு. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெரியப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, தழுதழுத்த குரலில் சொன்னார்:

“நான் என்னத்தச் சொல்லறதுங்க? இதுதான் எங்கப்பா கடைஞ்ச போல்ட்டுன்னு இந்தப் புள்ள கொண்டாந்து குடுத்துச்சு. தம்பி வேலையாச்சேன்னு நம்பிப் பூட்டிப்போட்டேன்.”

நான் கொண்டுவந்து கொடுத்ததைக் கண்ணால் பார்த்தோம் என்றார்கள் வெல்டிங்காரரும் டீக்கடைக்காரரும். பாய் மட்டும் முன்னால் வந்தார்.

“அப்படி இல்லீங்களே மேஸ்திரி. என்ற கடையில இருந்துதானுங்க அந்த போல்ட்டு...”

“பாயி, எங்க பட்டறையில இருந்து உங்களுக்கு மாசம் எத்தன யாவாரம்னு மறந்துபோச்சுங்களா?” என்று பெரியப்பா மெதுவாகக் கேட்டார். பாய் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஐந்து பெண்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அல்லது மற்றவர்கள்மேல் இருக்கிற அளவு இல்லை.

டீக்கடைக்காரர் பிறகு சர்க்கரை வியாதியில் கால் போய்ச் செத்தார். பாடை எடுக்கும்போது நான் வீட்டுக்குள் நின்று எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணினேன். பதினொரு பேர். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினேன். இதோடு எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். அப்பா போல்ட்டை எடுத்து நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

“இது உன்றகிட்டயா இருந்துச்சு?”

“ஆமாங்கப்பா. தொலஞ்சுபோயிருமோன்னு...”

“அப்ப அண்ணன் தேடும்போது மேசையில இல்ல.”

“இல்லீங்கப்பா. ஆனா நான் பதினாறுன்னு சொன்னனுங்க, பெரியப்பாதான்...”

“இது இருந்திருந்தா இதத்தானே கண்ணு பூட்டியிருப்பாரு?”

அவர் கையிலிருந்து போல்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினேன். அண்ணன் பொய் சொல்வார் என்று நம்புவதைவிட, பயந்தாங்கொள்ளி மகள் குழப்பிவிட்டாள் என்று நம்புவது அப்பாவுக்குச் சுலபமாக இருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். குற்றம்தான்.

போல்ட்டை எடுத்துக்கொண்டு சாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலைமாட்டில் பைபிள் வசன காலண்டர் தொங்கியது. கை கட்டுக்குள் பூசணிக்காய் மாதிரி இருந்தது. சார், நீங்களாவது சொல்லுங்க சார் என்றேன்.

“உங்க பெரியப்பாதான் பாப்பா இங்க பணம் கட்டறாரு. அந்த போல்ட்ட சிங்காநல்லூர்க் கொளத்துல போட்டுரு” என்றார்.

நான் போடவில்லை.

பெரியப்பா கட்டிய பணத்துக்கு அப்பாவின் பாதிப் பங்கு போயிற்று. போர்டில் ஒரு பெயர்மேல் நீலப் பெயின்ட் அடித்தார்கள். வெயிலில் உற்றுப் பார்த்தால் அடியில் எழுத்து தெரியும். அப்பா தன் சொந்த லேத்தில் அண்ணனுக்குக் கூலியாளாகச் சாகும்வரை நின்றார். அந்தக் கார்த்திகையில் சார் திரும்ப வகுப்புக்கு வந்து, இடது கையால் போர்டில் ஒரு பானை வரைந்தார். அது பானையாக வரவில்லை. வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரோ விரலைத் திருகினீர்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

அதே பட்டறையில் பிசிறு கூட்டினேன், பிறகு மிஷின் பிடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு கணபதியில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டேன். மரை போன பழைய வண்டிப் பாகங்களுக்கு மரை போடுவதுதான் என் வேலை, அதிலும் பிரேக் பாகம் என்றால் கோயமுத்தூரில் என்னிடம்தான் அனுப்புவார்கள். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் பழைய சீமை வண்டிகளைப் பிள்ளை மாதிரி தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஏன் இந்த வேலையை எடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். காத்திருந்தேன் என்று சொல்வதில்லை. அந்த வகை வண்டி இந்தப் பக்கத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். பழுதாகாத பிரேக் இல்லை. என்றைக்காவது என் மேசைக்கு வந்தே தீரும்.

இந்த வருடம் வந்தது. பவானியில் ஒரு ஜமக்காள வியாபாரி வீட்டில் வாங்கியதாகச் சொல்லி, ஒரு பையன் பிரேக் பிளேட்டை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். யாரோ ஓட்டையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி ஒப்பேற்றியிருந்தார்கள். ஈயத்தை இளக்கி எடுத்தேன். செம்பு முள் தெரிந்தது. இரண்டு பக்கமும் புள்ளி.

அன்றைக்கு அதற்குமேல் மிஷினைத் தொடவில்லை. மறுநாள் முள்ளைத் தட்டி எடுத்து, புஷ்ஷை உடையாமல் கழற்றினேன். பையனுக்குப் புது புஷ் கடைந்து, இருபத்தாறு மரை போட்டு, நாலு தரம் சரிபார்த்துக் கொடுத்தேன். பிரேக்கில் நான் பழி தீர்ப்பதில்லை. பழைய புஷ்ஷை நீளவாக்கில் அறுத்து இரண்டாகப் பிளந்தேன். அடியில் அப்பாவின் மரை சன்னமாக அப்படியே இருந்தது. வாய்ப்பக்கம் அதன்மேல் பதினாறு ஏறிக் கிழித்த தழும்பு.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். “நான்தான் அந்த போல்ட்டப் போட்டேன்.” பெரியப்பா வாயால், நாலு பேர் முன்னால். வேறு எதுவும் வேண்டாம்.

போன மாதம் பெரியப்பா மகன் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஹாலில் இருக்கும் நேரம் பார்த்து, சக்கர நாற்காலியில் இருந்த பெரியப்பா முன்னால் போய் நின்றேன். புஷ்ஷின் இரண்டு பாதியையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். முப்பது பேர் இருந்தார்கள்.

“பெரியப்பா, இது தெரியுதுங்களா?”

“யாருங் அம்மணி?” என்றார். என்னைத் தெரியவில்லை. ஒரு வருடமாக யாரையும் தெரியவில்லையாம், பெரியப்பா மகனான அண்ணன் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் கட்டைவிரல் நகம் தானாக மரைமேல் ஓடியது. அடியில் ஓடி, மேலே வந்து, நின்றது. முகம் சுருங்கியது.

“எவன் செஞ்ச வேலைங்க இது? சன்ன மரையில பதினாற அடிச்சு ஏத்தியிருக்கான். மூணு நூல்னு கேட்டு வாங்கி அப்படியே பூட்டிருக்கான் முட்டாப்பய. ஆளக் கொல்லற வேல. இவனையெல்லாம் லேத்துக்கிட்டயே உடப்படாதுங்க.”

ஹால் முழுக்கச் சிரிப்பு. “அப்பாவுக்கு எல்லாம் மறந்தாலும் கை மறக்கல பாரு” என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

“நீங்கதானுங்க பெரியப்பா இதப் போட்டது” என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, கிறீச்சென்று.

“நானா?” அவருக்குக் கோபம்கூட வரவில்லை. “நான் போட்டிருந்தா என்ற கைய வெட்டிப்போடுவனுங்க.”

சிரித்தீர்கள். அந்தக் காலத்தில் சிரித்த அதே வாய்கள், பல் மட்டும் குறைந்திருந்தது. நான் புஷ்ஷைத் திரும்ப எடுக்கப் போனேன். அவர் விடவில்லை, இரண்டு பாதியையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இருக்கட்டும், குடுத்துட்டுப் போங்க. புதுசாக் கடைஞ்சு தாரேன். பன்னெண்டு ரூவா ஆகும். வேல முடிஞ்சதும் காசு மட்டும் நாள் கடத்தாமக் குடுத்துப்போடோணும்.”

வாரத்துக்கு இரண்டு தரம் அண்ணன் இப்போது போன் செய்கிறார். பெரியப்பா அதைக் கையைவிட்டு வைப்பதே இல்லையாம். வேலை முடிந்துவிட்டது, அந்த அம்மணி இன்னும் காசு கொண்டு வரவில்லை என்று வாசலையே பார்த்துக்கொண்டு சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம். அண்ணன் கொடுத்துப் பார்த்தார், மருமகள் கொடுத்துப் பார்த்தாள், வாங்கவில்லை. வேலை கொடுத்தவர்தான் தரவேண்டுமாம்.

“ஒரு எட்டு வந்து குடுத்துட்டுப் போ அம்மணி. வயசான மனுசன், உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றார் நேற்று.

கணபதியிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரே பஸ். பணம் பர்ஸில் தனியாகத்தான் இருக்கிறது, ஒரு பத்து ரூபாய்த் தாள், ஒரு இரண்டு ரூபாய்க் காசு. அவர் போய்ச் சேர்வதற்குள் கொடுக்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்று எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பொய் சொல்லமாட்டேன்.

“வாரேனுங்ண்ணா” என்று சொல்லிப் போனை வைத்தேன். போகவில்லை. பாக்கி பன்னிரண்டு ரூபாய்.